இந்தியானா கொலம்பஸ்: இவ்வளவு சின்ன ஊரில் இருக்க முடியுமா?

கேள்வி: 2023 செப்டம்பர் 18

என் கணவருக்கு அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் கொலம்பஸுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஜனவரியில் கிளம்ப வேண்டும். இப்போது வேளச்சேரியில் இருக்கிறோம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, எனக்கு எச்4 விசா (வேலை விசாவில் போகிறவரின் மனைவிக்குத் தருவது). மேப்பில் பார்த்தால் ஊரைச் சுற்றி வயல்தான் தெரிகிறது. மொத்தமே ஐம்பதாயிரம் பேர்தானாம். அங்கே இருந்துவிட்டு வந்த ஒருவர் "செத்த ஊர், ஆறு மாதத்தில் பைத்தியம் பிடித்துவிடும்" என்கிறார். யாராவது அங்கே இருக்கிறீர்களா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

2023 செப்டம்பர் 18, இரவு

நான் இருக்கிறேன் தோழி. வரும் ஜனவரியோடு பதினோரு வருடம். செத்த ஊர் என்று சொன்னவர் எந்த மாதத்தில் வந்து இறங்கினார், அவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். மீதியை நாளை எழுதுகிறேன், பையனுக்குக் காலையில் பள்ளி.

2023 செப்டம்பர் 19

முதலில் ஒரு குழப்பம். மேலே இரண்டு பேர் எழுதியிருப்பது ஒஹையோவில் இருக்கிற கொலம்பஸைப் பற்றி. அது மாநிலத் தலைநகர், பெரிய ஊர், அங்கே எல்லாம் கிடைக்கும். எங்கள் கொலம்பஸ் இந்தியானாபொலிஸுக்குத் தெற்கே 45 மைலில், ஐ-65 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. டிக்கெட் போடும்போது இறங்கும் இடம் இந்தியானாபொலிஸ்தானா என்று இரண்டு தடவை பாருங்கள். என் சித்தி மகன் ஒஹையோவுக்கு டிக்கெட் போட்டு வந்து இறங்கிவிட்டான், என் கணவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போய்க் கூட்டி வந்தார்.

நான் வந்தது 2013 ஜனவரியில். ஊரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்த மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரியில் இங்கே விடியவே காலை எட்டு மணி ஆகும். ஐந்தரை, ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும். நடுவில் இருக்கும் வெளிச்சமும் பால் டம்ளரைக் கழுவி ஊற்றிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம். மரத்தில் ஓர் இலை இருக்காது. கணவர் ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவார். நான் காங்கேயம் பக்கத்துக் கிராமம், வீட்டில் எந்நேரமும் யாராவது வந்து போய்க்கொண்டே இருப்பார்கள், மாடு கத்தும், பக்கத்துத் தறியில் சத்தம் கேட்கும். இங்கே அபார்ட்மென்டில் ஃபிரிட்ஜ் ஓடி நிற்கிற சத்தம்தான் நாள் முழுக்க. ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒரு சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போகும். அந்தச் சத்தத்துக்காக விழித்திருந்த நாட்கள் உண்டு.

அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது லைசென்ஸ். வந்ததும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் மணிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நடந்து போகலாம் என்று நினைத்தால், நான் ஒருநாள் நேஷனல் ரோடு ஓரமாக நடந்தேன். பல இடத்தில் நடைபாதை இல்லை, பனிச்சேற்றில் புல்தரையில் கால் வைத்துப் போக வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு வயதான அம்மா காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, வண்டி எங்கேயாவது நின்றுவிட்டதா?" என்று கேட்டார். நடப்பவரைப் பார்த்தால் வண்டி பழுதாகி நிற்கிறார் என்றுதான் இங்கே நினைக்கிறார்கள்.

லைசென்ஸ் தேர்வில் இரண்டு காருக்கு நடுவில் பக்கவாட்டில் நிறுத்திக் காட்டச் சொல்வார்கள். நான் முதல் தடவை அதில் தோற்றேன். இரண்டாவது தடவை தேறினேன். கார் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

2023 செப்டம்பர் 23

நீங்கள் கேட்ட சில்லறைக் கேள்விகள். இந்தியக் கடை ஊரிலேயே சின்னதாக இருக்கிறது. அரிசி, பருப்பு, புளி, உறைந்த முருங்கைக்காய் கிடைக்கும். பெரிய கடைக்கும் கோயிலுக்கும் நாங்கள் இந்தியானாபொலிஸ் போவோம், ஒரு மணி நேரம். போகிற அன்று இரண்டையும் சேர்த்து முடித்துவிடுவோம். மாவு குளிர்காலத்தில் பொங்காது, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். குழந்தைக்கு ஸ்வெட்டரெல்லாம் அங்கே வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். அந்தக் குளிருக்கு அது தாங்காது, இங்கே வந்து வாங்குங்கள்.

கறிவேப்பிலை அருமையான பொருள். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

2023 செப்டம்பர் 30

"ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்ட அண்ணனுக்கு: கட்டடம். சிரிக்காதீர்கள். இந்த ஊர்க் கட்டடங்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து மாணவர்கள் கூட்டமாக வருகிறார்கள். கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனியின் தலைமையகம் இங்கேதான், 1919ல் தொடங்கியது. அதை நெடுங்காலம் நடத்திய இர்வின் மில்லர் என்பவருக்குக் கட்டடங்களின் மேல் பெரிய பிடிப்பு. உலகத்தில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களைக் கூட்டி வந்து, கம்பெனிப் பணத்தில் பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், நூலகம் எல்லாம் கட்டிக் கொடுத்தார். 1942லேயே ஈரோ சாரினென் கட்டிய தேவாலயம் ஒன்று நடு ஊரில் இருக்கிறது.

சாதாரணத் தெருவில் போய்க்கொண்டிருப்போம், திடீரென்று ஒரு தீயணைப்பு நிலையம் யாரோ யோசித்து யோசித்து வரைந்த மாதிரி நிற்கும். என் பையன் படித்த பள்ளியில் வகுப்பறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும், அப்படி மேலே ஜன்னல் வைத்திருக்கிறார்கள். பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி இல்லை, எல்லோரும் போகிற அரசுப் பள்ளி. எனக்கு இந்த ஊரில் பிடித்த விஷயங்களில் இது முதல் மூன்றுக்குள் வரும்.

2023 அக்டோபர் 1

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. 1942 தேவாலயம் அப்பா எலியல் சாரினென் கட்டியது. மகன் ஈரோ கட்டியது 1964ல் வந்த இன்னொன்று, நீள ஊசி மாதிரி கோபுரம் வைத்தது. ஐ-65ஐ விட்டு உள்ளே வந்து வடக்குப் பக்கம் போனால் மரங்களுக்கு மேலே அந்த ஊசி தெரியும். இரண்டாவது, கட்டடச் செலவு முழுவதையும் கம்பெனி கொடுக்கவில்லை. கம்மின்ஸ் அறக்கட்டளை, தான் கொடுக்கும் பட்டியலிலிருந்து ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய கட்டணத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளும். கட்டுவது ஊர்ப் பணத்தில். அப்படி வந்த முதல் பள்ளி 1957ல் ஹாரி வீஸ் வடிவமைத்தது. யோசித்துப் பார்த்தால் இதுதான் இன்னும் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. சும்மா கொடுத்திருந்தால் வாங்கி வைத்திருப்பார்கள். கட்டுகிற பணத்தைத் தாங்கள் போட்டதால் இது எங்கள் கட்டடம் என்று இன்றும் பார்த்துக்கொள்கிறார்கள்.

2023 அக்டோபர் 14

"நிறவெறி உண்டா, மறைக்காமல் சொல்லுங்கள்" என்று தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார். பொதுவிலேயே சொல்கிறேன். பதினோரு வருடத்தில் ஒருதடவை ஒரு பிக்கப் டிரக்கிலிருந்து ஒருவன் "உன் நாட்டுக்குப் போ" என்று கத்திவிட்டுப் போனான். நான் பையனை ஸ்ட்ரோலரில் வைத்துக் கடைக்கு வெளியே நின்றிருந்தேன். கை நடுங்கியது, அதை இன்றும் மறக்கவில்லை. பக்கத்தில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்த கடைப் பையன், பதினாறு பதினேழு வயது இருக்கும், ஓடி வந்து என் சாமான்களைக் காரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவனே கத்தியது போல மன்னிப்புக் கேட்டான். இரண்டும் நடந்தது, இரண்டையும் சொல்கிறேன். அரசியலைப் பற்றிக் கேட்டால், துணை அதிபராக இருந்த மைக் பென்ஸ் பிறந்த ஊர் இது, பெரும்பாலோர் எந்தப் பக்கம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனிகளால் பல நாட்டு ஆட்கள் வந்து பழகிய ஊர். கம்மின்ஸுக்கு 1962லிருந்தே புனேயோடு தொடர்பு உண்டு என்பதால் மராத்தி பேசுகிறவர்கள் நிறைய. பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் வீட்டுக் கொழுக்கட்டையும் அவர்கள் வீட்டு மோதகமும் இடம் மாறும். எனக்கு இப்போது மராத்தி பாதி புரியும்.

குறை என்று கேட்டால் நான் முதலில் சொல்வது மருத்துவம். சாதாரணக் காய்ச்சலுக்குப் பிரச்சினை இல்லை. சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும். பையனுக்குத் தோலில் ஒவ்வாமை வந்து உடம்பெல்லாம் தடித்தபோது ஒரு கிளினிக்கில் மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். நான் அந்த மேஜை முன்னாலேயே அழுதேன். கடைசியில் இந்தியானாபொலிஸ் போனோம். சின்னக் குழந்தையோடு வருகிறீர்கள், வந்த முதல் வாரத்திலேயே குழந்தை மருத்துவரிடம் பதிந்துவிடுங்கள்.

2023 நவம்பர் 5

செப்டம்பரில் நான் எழுதியதை மறுபடி படித்தேன். "கார் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை இல்லை. அப்படி நம்பிக்கொண்டு நீங்கள் வந்துவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

லைசென்ஸ் வாங்கியது 2013 ஜூலையில். முதல் வாரம் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் எங்கே போவது என்று தெரியவில்லை. சூப்பர் மார்க்கெட் வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே வாங்க ஒன்றும் இல்லாமல், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். எச்4ல் வேலைக்குப் போக முடியாது. 2015 மே மாதத்தில்தான் எங்களில் சிலருக்கு வேலை அனுமதி வாங்க வழி வந்தது, அதுவும் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான். நான் பி.காம். படித்தவள், திருப்பூரில் ஒரு ஏற்றுமதி ஆபீஸில் கணக்குப் பார்த்தவள். இங்கே கணக்குப் பார்க்க என் வீட்டு மளிகைச் சீட்டு மட்டும்தான் இருந்தது.

என்னைத் தூக்கி நிறுத்தியது நூலகம். ஐந்தாவது தெருவில் இருக்கிறது, ஐ.எம். பெய் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த செங்கல் கட்டடம், 1969ல் வந்தது. எதிரே அந்த 1942 தேவாலயம். நடுவில் செங்கல் பாவிய சதுக்கம். அதில் சிற்பி ஹென்றி மூர் செய்த வெண்கல வளைவு, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, எலும்பு மாதிரி, பச்சை பூத்து நிற்கும். அதன் நடுவில் புகுந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கோடையில் தொட்டால் சூடாக இருக்கும், குழந்தைகள் கை வைத்துவிட்டு எடுத்து ஊதிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு ஒருதடவை தொட்டேன், விரல் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயந்துவிட்டேன்.

உள்ளே வரவேற்பு மேஜையில் ஒரு நரைத்த அம்மா இருந்தார். மூன்றாவது தடவை நான் போனபோது என் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் தனக்குப் புரிகிற மாதிரி எழுத்துக்கூட்டி எழுதி, மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். நான்காவது தடவை சரியாகச் சொன்னார். அப்புறம் செவ்வாய்க்கிழமை காலையில் ஆங்கிலம் பேசிப் பழகும் ஒரு சின்னக் கூட்டம் நடக்கிறது, வா என்றார். போனேன். ஒரு ஜப்பானியப் பெண், இரண்டு மெக்சிகோக்காரர்கள், ஒரு சீனத் தாத்தா, நான். இங்கிலீஷ் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை, சோறு எப்படி வடிப்பது என்று பேசினோம். ஒரு செவ்வாய் எனக்குச் சளி, போகவில்லை. அடுத்த வாரம் போனபோது சீனத் தாத்தா கடிகாரத்தைக் காட்டி, ஏன் வரவில்லை என்று சைகையால் கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. வாரத்தில் ஒருநாள், குறித்த நேரத்துக்கு, நான் வராவிட்டால் ஒருவர் கேட்பார் என்று ஆனபிறகுதான் இந்த ஊரில் எனக்கு இடம் கிடைத்தது. ஆகவே லைசென்ஸோடு கூட இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: வந்த முதல் மாதமே, மாறாத ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு, உங்கள் பெண்ணுக்கு அது சரியான வயது.

2023 நவம்பர் 6

"பெரிய ஊரிலும் இதெல்லாம் உண்டே" என்கிறார் டல்லாஸ் தோழி. உண்டுதான். ஆனால் அங்கே நான் மேஜைக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் இருப்பார். இங்கே பத்து வருடம் ஒரே அம்மா.

2023 டிசம்பர் 2

ஆறுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், வீடு பார்க்கும்போது கவனியுங்கள். பிளாட்ராக், டிரிஃப்ட்வுட் இரண்டும் ஊருக்குப் பக்கத்தில் சேர்ந்து வெள்ளை ஆற்றின் கிழக்குக் கிளையாகிறது, ஹா க்ரீக் என்று ஓர் ஓடை ஊருக்குள்ளேயே வருகிறது. 2008 ஜூன் 7ந்தேதி ஒரே நாளில் கொட்டிய மழையில் அந்த ஓடை பொங்கி, ஊரின் மருத்துவமனை அடித்தளமே முழுகி, நோயாளிகள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். சில மாதம் மூடியே கிடந்தது. நான் வருவதற்கு முன்னால் நடந்தது, ஆனாலும் ஊர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் "வெள்ளத்துக்கு முன்னால்", "வெள்ளத்துக்கு அப்புறம்" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். வாடகைக்கு எடுக்கும் முன் அந்தத் தெருவில் 2008ல் தண்ணீர் வந்ததா என்று கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்டாலே எந்தப் படி வரை வந்தது என்று கை காட்டுவார்கள்.

2024 ஜனவரி 17

வந்துவிட்டீர்களா! இந்தக் குளிரிலா! இந்த வாரம் ஃபாரன்ஹீட்டில் சுழியத்தை ஒட்டி நிற்கிறது, எல்லா வருடமும் இப்படி இருக்காது, நம்புங்கள். நான் வந்து ஒரு வருடம் கழித்து 2014 ஜனவரியில் இதைவிட மோசமாக வந்தது, அவசரம் இல்லாமல் யாரும் சாலைக்கு வரக் கூடாது என்று அறிவித்தார்கள். கவுண்டிக்குக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போடுவார்கள். சிவப்பு என்றால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உறைந்துபோகும். பொங்கலுக்கு உங்களைக் கூப்பிட முடியாமல் போனதில் எனக்கு மனக்குறை. சனிக்கிழமை சாலையைச் சுத்தம் செய்துவிட்டால் நானே வருகிறேன்.

2024 பிப்ரவரி 11

இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நேற்று நீங்கள் என் வீட்டில் "இங்கே உங்களுக்கு நெருங்கிய சினேகிதி யார்?" என்று கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

குளிருக்கும் தூரத்துக்கும் பழகிவிடலாம். ஆட்கள் போய்க்கொண்டே இருப்பதற்கு நான் இன்னும் பழகவில்லை. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று கணக்கு வைத்து வருகிறார்கள். வேலை முடிந்ததும் புனே, டெக்சாஸ், வட கரோலினா என்று போய்விடுகிறார்கள். மே, ஜூன் வந்தால் பள்ளி முடியும், அப்போதுதான் பெரும்பாலும் கிளம்புவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த மாதங்களில் யாருடைய வீட்டிலாவது கட்டில், சோஃபா, குழந்தை நாற்காலி விற்பனைக்குப் போட்டிருப்பார்கள். பெரிய ஊரில் பத்துப் பேர் போனாலும் அந்த இடம் தெரியாது. இங்கே ஒரு குடும்பம் போனால் ஞாயிற்றுக்கிழமையே காலியாகிவிடும்.

2017ல் போன ஒரு தோழி, திருநெல்வேலிக்காரி, என் பிரசவத்துக்குப் பத்தியச் சாப்பாடு செய்து இருபத்தெட்டு நாள் கொண்டுவந்து கொடுத்தவள். என் அம்மாவுக்கு விசா தள்ளிப்போய் வர முடியாமல் இருந்த சமயம் அது. கிளம்புகிற அன்று எல்லாப் பெட்டியையும் ஏற்றியபிறகு ஒரு தொட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கறிவேப்பிலைச் செடி, முழங்கை உயரம். அவளுக்கு அதை வேறொரு அக்கா கொடுத்துவிட்டுப் போனார்களாம், அந்த அக்காவை நான் பார்த்ததே இல்லை. மே மாதம் நடுவில் வெளியே வைப்பேன், செப்டம்பர் கடைசியில் உள்ளே தூக்கி வந்துவிடுவேன். ஜனவரியில் இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும், முதல் வருடம் செத்துவிட்டது என்றே நினைத்தேன். மார்ச்சில் குச்சியின் கணுவில் கடுகு அளவுக்குப் பச்சை வந்தது. அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அங்கே ராத்திரி பதினொன்றுக்கு அவள் அழுதுகொண்டே போன் பண்ணினாள்.

உங்கள் கணவருக்கும் மூன்று வருட ஒப்பந்தம்தான் என்று தெரியும். தெரிந்துதான் பழகுகிறேன்.

2024 பிப்ரவரி 12

உங்கள் பதிலைப் படித்தேன். நன்றி என்றெல்லாம் சொல்லாதீர்கள். கீரை வடைக்கு என்ன கீரை போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

2024 ஏப்ரல் 9

நேற்று நடந்ததை வேறு ஊர்க்காரர்களுக்காக எழுதி வைக்கிறேன். முழுச் சூரிய கிரகணம் எங்கள் ஊர் வழியாகப் போனது. மில் ரேஸ் பார்க்கில் ஆற்றோரமாகப் போர்வை விரித்து உட்கார்ந்தோம். மூன்று மணி தாண்டியதும் வெளிச்சம் மங்கி, முதலில் குளிர்ந்தது, அப்புறம் பறவைகள் அடங்கின, தெருவிளக்குகள் தாமாகவே எரிந்தன. இருட்டின நொடியில் பூங்கா முழுக்க ஒரே சமயத்தில் ஒரு சத்தம் எழுந்தது. சத்தமே போடாத இந்த ஊர்க்காரர்களிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தைப் பதினோரு வருடத்தில் நான் கேட்டதில்லை. நூலகத்து அம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், மடக்கு நாற்காலியோடு எங்களுக்கு மூன்று போர்வை தள்ளி உட்கார்ந்திருந்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் போகிற வெளியூர்க் கார்களால் சாலை எல்லாம் அடைத்துக்கொண்டது, பத்து நிமிடப் பயணத்துக்கு ஒரு மணி நேரம்.

இந்த இழையைத் தொடங்கிய தோழி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். கிரகணத்தைப் பற்றி அவரே எழுதுவார்.

2024 ஜூலை 14

சந்தை மாதிரி ஏதாவது உண்டா என்று யாரோ வெகு நாள் முன்பு கேட்டிருந்தார்கள். ஜூலையில் 4-எச் கண்காட்சி வரும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு வருடம் தாங்களே வளர்த்த கன்று, ஆடு, பன்றி, கோழி எல்லாம் கொண்டுவந்து காட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தை பார்த்து வளர்ந்தவள் நான், அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் சாணியும் வைக்கோலும் கலந்து வந்த வாசனையில் நின்றுவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கறுப்புக் காளைக் கன்றுக்குச் சீப்பு வைத்து முடியை மேல்நோக்கிச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா தள்ளி நின்றார், தொடவே இல்லை, அது அவள் வேலை. ஏலம் முடிந்ததும் அந்தப் பெண் கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கன்றின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஏலம் என்றால் பெரும்பாலும் கறிக்குத்தான், அவளுக்கும் தெரியும். என் அப்பா வண்டிமாட்டை விற்றுவிட்டு வந்த அன்று திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

வெளியே வந்தால் மணி ஒன்பது, அப்போதுதான் சூரியன் இறங்குகிறது. சோளக்காட்டு விளிம்பில் மின்மினிகள். இந்த மாநிலம் 2018ல் மின்மினியைத் தன் பூச்சியாக அறிவித்தது, பள்ளிப் பிள்ளைகள் கேட்டு வாங்கியது. உங்கள் பெண்ணும் என் பையனும் அதைத் துரத்திக்கொண்டு ஓடியதில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தார்கள், இன்று காலை போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

2024 ஜூலை 20

செருப்பு கிடைத்தது, வேலிக்கு அந்தப் பக்கம்.

2024 செப்டம்பர் 21

லைசென்ஸ் வாங்கியதற்கு வாழ்த்து! முதல் தடவையிலேயே தேறிவிட்டீர்கள், நான் நினைத்த மாதிரியே.

கறிவேப்பிலையின் அடியில் இரண்டு பக்கக் கன்று முளைத்திருந்தது, மே மாதமே பிரித்துத் தனித் தொட்டியில் வைத்தேன். ஒன்று பிழைத்துவிட்டது, எட்டு இலை. ராத்திரிக் குளிர் தொடங்கும் முன் உள்ளே வைக்க வேண்டும், தெற்குப் பார்த்த ஜன்னல் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வரும்போது காரின் பின் சீட்டில் இடம் வைத்துக்கொண்டு வாருங்கள்.